வடிவுக்கு ஊத்தின தண்ணி

கொடு தாயி, பிள்ளைய இங்க கொடு. ஒரு கையில கம்பி, ஒரு கையில பிள்ளை, தோள்ல இம்மாம்பெரிய பை. டிரைவரு ஒரு பிரேக் போட்டான்னா நீ முன் சீட்டுல போய் விழுவ. கொடு, கொடு. நான் ஒண்ணும் பிள்ளை பிடிக்கிறவ இல்ல.

வந்துட்டான் பாரு, அழக்கூட இல்ல. எத்தனை மாசம்? ஆறா? ஆறு மாசத்துக்கு நல்ல கனம். பேரு என்ன வச்சிருக்கிய? நாளைக்குத்தான் வைக்கப்போறியளா? ஓ, ஞானஸ்நானமா? எந்தக் கோயில்ல? புன்னைத்துறை மாதா கோயில்லயா?

பாத்தியா காரியத்த. நானும் அங்கனதான் போறேன். நாளைக்கு எனக்கும் ஞானஸ்நானம். உன் பிள்ளைக்கு ஊத்துற அதே பூசையிலதான் எனக்கும் ஊத்துதாவ.

சிரிச்சிட்ட. சிரி தாயி, நானே சிரிச்சேன். இந்த வயசுல நான் போய் கைப்பிள்ளையளோட வரிசையில தலைய நீட்டிக்கிட்டு நிக்கணும். நெத்தியில திருநீறு இருக்கேன்னு பாக்கியா? அது நாளைக்குக் காலம்பற வரைக்கும் இருக்கும். பேராச்சின்னு பேரு எனக்கு. புதுசா ஒரு பேரு வச்சுக்கிடுதியளான்னு அந்தக் கோயில் சாமியாரு கேட்டாவ. அதெல்லாம் ஆகாது சாமி, பேரு என்ன சேலையா, மாத்தி மாத்திக் கட்டுறதுக்கு, அப்பிடின்னுட்டேன்.

ஆமா, ஆறு மாசம் வரைக்கும் ஊத்தாம வச்சிருந்தியே, உனக்குப் பயமா இல்லையா? மண்டபம் கெடைக்கலையா? பிரியாணிக்காரனும் அம்புடலையா? சரி சரி. இப்பம் பிள்ளைய பெத்தா பொழைச்சுக்கிடுது, கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பொழைக்க வச்சிருதாவ. உங்களுக்கு இது ஒரு விருந்து. நான் சொல்லுற காலத்துல அப்பிடி இல்ல. தண்ணி ஊத்து முன்னால பிள்ளை போயிட்டா மோட்சம் கெடையாதுன்னு சொல்லுவாவ. கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளிய, கள்ளி ஓரமாக் குழி தோண்டுவாவ. சிலுவை கெடையாது, மெழுகுவத்தி கெடையாது. ராத்திரியோட ராத்திரியா மறந்துரணும். நான் கண்ணால பாத்திருக்கேன்.

நான் எப்பிடிப் பாத்தேன்னா, புன்னைத்துறையிலதான் பதினோரு வருசம் இருந்தேன். என் வீட்டுக்காரரும் நானும் உப்பளத்துல வேலை. அளத்துக்குப் பக்கத்துல ஒரு வளவு, ஏழெட்டு வீடு, எல்லாத்துக்கும் ஒரே முத்தம். நாங்க மட்டுந்தான் அதுல இந்து. அடுத்த வீடு ஜெசிந்தா வீடு. நடுவுல ஒரு சுவரு, அதுவும் பாதிச் சுவரு. அவ காலையில எந்திரிச்சு பிதா சுதன்னு சொல்லுறது என் அடுப்படிக்குக் கேக்கும். நான் வெள்ளிக்கெழமை சாம்பிராணி போடுறது அவளுக்குத் தும்மலா வரும். நல்ல பிள்ளை. என்னைய அக்கா அக்கான்னுதான் கூப்பிடுவா. அவ புருசன் தொபியாஸ் தோணியில போறவன், மாலத்தீவுக்குச் சரக்கு ஏத்திக்கிட்டுப் போனான்னா எப்பம் வருவான்னு தெரியாது. வீட்டுல மாமியா மட்டும். மிக்கேலம்மான்னு பேரு. வாய் இருக்கே, அளத்துத் தண்ணிய விடக் கரிக்கும்.

அந்த ஐப்பசியில மழைன்னா மழை, அப்பிடியொரு மழை. உப்பு அம்பாரம் கரைஞ்சிரும்னு எங்க வீட்டுக்காரரு ஓலை போட்டு மூடப் போயிட்டாவ. மிக்கேலம்மா கோயிலுக்குப் போனவ, வாய்க்கா ஒடைஞ்சு தண்ணி ரோட்ட மறிச்சதுல அங்கனயே மாட்டிக்கிட்டா. நடுப்பகல்தான், ஆனா வெளக்கு வச்ச நேரம் கெணக்கா இருட்டிக் கெடக்கு. அப்பம்தான் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, அக்கா, அக்கா, எனக்குத் தண்ணி ஒடைஞ்சிருச்சுக்கான்னு சத்தம். ஏழு மாசம் தாயி. ஏழுதான்.

இரு, ஏன் கைய நீட்டுத? பிள்ளை நல்லாத்தான் இருக்கான். பாரு, என் விரலப் புடிச்சிக்கிட்டான். நீ பைய மட்டும் அந்தா மேல தூக்கிப் போடு.

வைத்தியம் தெரிஞ்ச யாரும் வளவுல இல்ல. ஆட்டோவுக்கு ஆள் விட்டோம், முழங்காலுக்கு மேல தண்ணி, எவன் வருவான்? கடைசி வீட்டு அம்மா ஒருத்தி வந்து, ரத்தத்தப் பாத்துட்டு, ஜெபம் சொல்லுதேன்னு முத்தத்துல போய் நின்னுக்கிட்டா. நாந்தான் உள்ள. நான் பெத்தவ, அந்த ஒண்ணுதான் எனக்குத் தகுதி. அதுவும் ஒரே ஒருக்க பெத்தவ.

அது என் தாய் வீட்டுல. ஆவரங்காடு, புன்னைத்துறை தாண்டி ரெண்டு ஸ்டாப். தலைச்சன் பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குத்தானே போவோம். பொட்டப்பிள்ளை. மூணு நாள் இருந்துச்சு. பேரு வைக்கிறதுக்கு முன்னாடி போயிட்டு. எங்க வழக்கத்துல சின்னப் பிள்ளைய எரிக்க மாட்டாவ, பொதைப்பாவ. எங்க வீட்டுக்காரரும் எங்க அண்ணனும் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாவ. பொம்பளை போகக் கூடாதுல்லா. எங்கன பொதைச்சியன்னு கேட்டேன். குளத்தங்கரையில, உடைமரத்துக்குக் கீழன்னாவ. எந்த உடைமரம்? அங்கன கரை பூரா உடைமரந்தான். பொறவு எனக்குப் பிள்ளையே இல்ல. அதுக்காக நான் ஏங்கினேன்னு நெனச்சிராத. ஏங்குறதுக்கு எனக்கு நேரம் எங்க? காலையில நாலு மணிக்கு அளத்துக்குப் போனா பொழுது சாய வீடு.

எதுல விட்டேன்? ஆ, ஜெசிந்தா.

பிள்ளை வந்துட்டு. உள்ளங்கை அகலம். ஊதா நெறம். அழல. மூக்குல ஊதினேன், முதுகத் தேச்சேன், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு, அவ்வளவுதான். பொழைக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. அவளுக்கும் தெரிஞ்சு போச்சு. தாய்க்குத் தெரியும் தாயி, யாரும் சொல்ல வேண்டாம். அவளுக்கு ரத்தம் நிக்கல, எந்திரிக்கத் தெம்பு இல்ல. அப்பிடியே என் சேலைய எட்டிப் புடிச்சா. ஊத்துங்கக்கா, பேரு சொல்லி ஊத்துங்கக்கான்னா.

நானாட்டி, நான் இந்துல்லாட்டின்னேன். யாருன்னாலும் ஊத்தலாம்க்கா, சாவுற நேரத்துல யாரு ஊத்தினாலும் சேரும், சாமியாரே கோயில்ல சொல்லியிருக்காவ, சீக்கிரம்க்கா, போயிரும்க்கா, என் பிள்ளை மோட்சத்துக்குப் போகாதுக்கா. அப்பிடி ஒரு கதறல். பிள்ளை சாவுதேன்னு அவ கதறல, கேட்டியா. தண்ணி இல்லாமச் சாவுதேன்னு கதறினா. எனக்கு அது பொறவுதான் மண்டையில ஏறுச்சு.

தண்ணிக்கு நான் எங்க போவேன்? வெளிய பூரா தண்ணி, எல்லாம் சேறு. கையில இருந்தது பிள்ளையக் குளிப்பாட்ட வச்சிருந்த வெந்நீர். அதுல நான் பழக்க தோசத்துல ஒரு சிட்டிகை மஞ்சளும் ரெண்டு வேப்பிலையும் போட்டு வச்சிருந்தேன். பச்சப்பிள்ளைக்கு வேற எப்பிடிக் குளிப்பாட்டுவ? ஒரு டம்ளர்ல மோந்தேன். அவ வார்த்தை வார்த்தையாச் சொன்னா, நான் பின்னாலயே சொன்னேன். பிதா, சுதன், பரிசுத்த ஆவி, அது எனக்கு முன்னமே தெரியும், தெனமும் கேக்கிறதுதான. பேரு சொல்லுங்கக்கா, முதல்ல பேரு சொல்லி ஆரம்பிங்கன்னா. என்ன பேருட்டி? ஏட்டி, என்ன பேரு? கண்ணு சொருகிருச்சு அவளுக்கு. கன்னத்துல தட்டுதேன், முழிக்கல.

அந்நேரம் என் வாயில ஒரே ஒரு பேருதான் இருந்துச்சு. வடிவு. வடிவுன்னு சொல்லி ஊத்தினேன்.

தண்ணி பட்டதும் பிள்ளை தலைய ஒரு சிலுப்புச் சிலுப்புச்சு. உடம்பு பூரா ஒரு நடுக்கம். அவ்வளவுதான். என் கையிலயே போயிட்டு.

நீ பட்டணத்துப் பிள்ளை, உனக்குத் தெரியாது. எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுல கெடா வெட்டுமுன்ன மஞ்சத்தண்ணி ஊத்துவாவ. ஊத்திட்டுக் காத்துக்கிட்டு நிப்பாவ. ஆடு சிலுப்பணும். சிலுப்புச்சுன்னா ஆத்தா ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். சிலுப்பாம ஒருத்தனும் அருவாள ஓங்க மாட்டான். அந்தச் சிலுப்ப நான் சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன். அதே சிலுப்பு. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதே கேள்விதான். ஏத்துக்கிட்டது யாரு?

நீ முகத்தச் சுளிக்க. மிக்கேலம்மாவும் அப்பிடித்தான் சுளிச்சா. மறுநா தண்ணி வடிஞ்சதும் பெரிய சாமியாரக் கூட்டிக்கிட்டு வந்தா. வாசல்ல நின்னுக்கிட்டே ஊரக் கூட்டிட்டா. மஞ்சத்தண்ணி ஊத்தியிருக்கா சாமி, கெடாவுக்கு ஊத்துற மாதிரி எங்க வம்சத்துப் பிள்ளைக்கு ஊத்தியிருக்கா, இது ஞானஸ்நானமா, இதச் சுவருக்கு உள்ள வைக்க முடியுமா, அப்பிடின்னு. ஜெசிந்தா பாயில கெடக்கா, காது கேக்குது, ஆனா ஊத்தினப்பம் அவளுக்கு நெனவு இல்லையே. பிள்ளை உள்ளயா வெளியவான்னு என் வாய்ச் சொல்லுலதான் இருந்துச்சு.

பெரிய சாமியார் வயசாளி. என்னைய உக்காரச் சொன்னாவ. வேட்டி நனைஞ்சு, காலெல்லாம் சேறு. பிள்ளைக்கு உசிரு இருந்துச்சாம்மா ஊத்தும்போது? இருந்துச்சு சாமி. எப்பிடித் தெரியும்? தலைய சிலுப்புச்சு சாமி. பாத்தியளா, பாத்தியளா, சிலுப்புச்சாம்னு மிக்கேலம்மா குதிக்கா. சாமியார் கையக் காட்டி அடக்கிட்டாவ. சிலுப்புச்சுன்னா உசிரு இருந்திருக்குன்னாவ. தண்ணி ஓடுச்சா, இல்ல ஈரம் மட்டும் பட்டுச்சா? ஓடுச்சு சாமி, காது வழியா என் மடியில ஓடுச்சு. வார்த்தை சொன்னியா? சொன்னேன். மஞ்சளு எம்புட்டு? ஒரு சிட்டிகை. சிட்டிகை மஞ்சள் போட்டா தண்ணி தண்ணி இல்லாமப் போயிராதுன்னாவ. கடைசியா, ஊத்தும்போது மனசுல என்ன நெனச்சம்மான்னு கேட்டாவ.

ஜெசிந்தா என்ன கேட்டாளோ அதுக்குத்தான் ஊத்தினேன் சாமின்னேன். போதும்மா, உங்கிட்ட வேற ஒண்ணும் கேக்க வேண்டாம், பிள்ளை மோட்சத்துல இருக்குன்னுட்டாவ.

நான் சொன்னது பொய்யில்ல தாயி. அவ கேட்டா, நான் ஊத்தினேன். அந்நேரம் என் கண்ணுக்கு முன்னால எந்தப் பிள்ளை கெடந்துச்சுன்னு சாமியார் கேக்கல, நானும் சொல்லல.

உள்ளதான் வச்சாவ. சுவருக்கு உள்ள, நல்ல எடம், புன்னை மரத்து நெழலு. சிலுவையில மரிய வடிவுன்னு எழுதினாவ. ஜெசிந்தா மனசுல வேற பேரு இருந்திருக்கு போல. ரோஸ்லின்னு வைக்கணும்னு இருந்தேங்க்கான்னு பொறவு ஒருநா சொன்னா. செத்த பிள்ளைக்கு எந்தப் பேரா இருந்தா என்னட்டி, வடிவும் நல்ல பேருதானன்னு சொன்னேன். கொடத்த எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

அடுத்து வந்த கல்லறைத் திருநாளுக்கு நாந்தான் முதல் ஆளு. விடியுமுன்ன போயி மண்ண மெழுகி, சுண்ணாம்பு அடிச்சு, ரெண்டு மொழம் செவ்வந்திச் சரம் போட்டேன். பாசி வளையல் வாங்கி சிலுவையில மாட்டினேன். பால் புட்டியில பால் ஊத்தி தலைமாட்டுல வச்சேன். பச்சப்பிள்ளைக்கு மெழுகுவத்தி எதுக்கு, பால்தான வேணும்? ஜெசிந்தா கையில ஒத்த மெழுகுவத்தியோட சாயங்காலம் வந்தா. பாத்தா. பக்கத்துல வரக்கூட இல்ல, தள்ளி உக்காந்து அழுதா. அப்பிடி அழுதா. நன்றியில அழுதா தாயி. பெத்தவளுக்கு இல்லாத அக்கறை அடுத்தவளுக்கு இருக்கேன்னு நெனச்சிருப்பா. எம் பிள்ளையப் பத்தி நீ கவலைப்படாதட்டின்னு தோள்ல கை வச்சேன். வெடுக்குன்னு எந்திரிச்சுப் போயிட்டா.

எம் பிள்ளைன்னா சொன்னேன்? வாய் தவறி வந்திருக்கும்.

மறு வருசம் அவ வரல. தொபியாஸுக்குக் கொச்சியில வேலைன்னு, மாமியாள மட்டும் வீட்டுல விட்டுட்டு ரெண்டு பேரும் போயிட்டாவ. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவ்வளவு செஞ்சேனே, அவ ரத்தத்தக் கழுவினேனே, அவ பிள்ளைக்கு மோட்சம் வாங்கிக் கொடுத்தேனே, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதா? அட்ரஸ் கேட்டேன், மிக்கேலம்மா கதவச் சாத்திட்டா. பொறவு ரெண்டு பிள்ளை பொறந்துச்சாம். ஒண்ணு பொண்ணாம். ரோஸ்லின்னு பேராம். வயித்தெரிச்சலா இருந்துச்சு, சொல்லுதேனே. வடிவுக்கு ஒரு தங்கச்சி, அத ஒருக்க கண்ணுல காட்டினா என்ன?

இரு, தூங்குதான். எழுப்பாத. உனக்கு எடம் கெடைச்சிருச்சுல்லா, உக்காரு, எங்கிட்டயே இருக்கட்டும். ஸ்டாப்புக்கு இன்னும் நேரம் இருக்கு.

அப்பம்லாம் ஒண்ணும் இல்ல. எங்க வீட்டுக்காரரு தவறிப் போன பொறவு, தூத்துக்குடியில அண்ணன் வீட்டுக்கு வந்த பொறவுதான் ஆரம்பிச்சுச்சு. குளிக்கத் தண்ணி மோந்து ஊத்தினா, முதச் செம்பு தலையில விழுந்ததும் பின்னால ஒரு சிலுப்பு. சின்னதா. ஈரம் தெறிக்கிற சத்தம். திரும்பினா ஒண்ணும் இருக்காது. பயமா இருந்துச்சு. இப்பமும் பயந்தான். ரெண்டாவது வருசம் கண்ணுலயே தட்டுப்பட்டுச்சு. தொட்டிக்கு அந்தப் பக்கம், முதுகக் காட்டிக்கிட்டு. கைப்பிள்ளை இல்ல, நடக்கிற பிள்ளை. வளருது தாயி. செத்த பிள்ளை வளருது. அது உனக்கு எப்பிடி இருக்கும்?

வடிவுன்னு கூப்பிட்டேன். திரும்பல. வடிவு, அம்மாட்ட வாடின்னேன். அது பாட்டுக்கு நிக்கி. எத்தனையோ தடவை கூப்பிட்டாச்சு, ஒருக்கக்கூடத் திரும்பல. பொறவுதான் எனக்கு வெளங்குச்சு. வடிவு எதுக்கு வரப்போறா? அவளுக்குத்தான் தண்ணி ஊத்தியாச்சே. அவ மாதா மடியில இருப்பா. இது அவ இல்ல. இது எம் பிள்ளை.

அதுக்குப் பேரு இல்ல. அதுக்குன்னு நான் மனசுல வச்சிருந்த பேருதான் வடிவு. யாருக்கும் சொல்லல, புருசனுக்குக்கூடச் சொல்லல. அத எடுத்து அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துட்டேன். வேற பேரு வச்சுக் கூப்பிட வேண்டியதுதானன்னு நீ நெனைக்க. கூப்பிட்டுப் பாத்தேன். காந்தின்னு கூப்பிட்டேன், பூரணின்னு கூப்பிட்டேன். என் வாயே ஒத்துக்கல, பிள்ளை எப்பிடி ஒத்துக்கிடும்?

புன்னைத்துறைக்கு வந்து இப்பம் இருக்கிற சாமியப் பாத்தேன். சின்னப் பையன், மீசை கூட ஒழுங்கா மொளைக்கல, ஆனா நல்லாப் பேசுதாவ. சாமி, எம் பிள்ளைக்கும் ஊத்திருங்கன்னேன். செத்தவங்களுக்கு ஊத்த முடியாதும்மான்னாவ. அப்பம் அது எங்க இருக்கும் சாமி? அது கடவுளோட இரக்கத்துல இருக்கும், திருச்சபை அப்பிடித்தான் இப்பம் சொல்லுது, ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையக் கடவுள் கைவிட மாட்டாரு, நம்பிக்கையா இருங்கன்னாவ.

எனக்குக் கோவம் வந்துட்டு. அப்பம் ஊத்தினாலும் ஊத்தாட்டாலும் ஒரே எடந்தானா? ஒரே எடம்னா அன்னைக்கு ஜெசிந்தா எதுக்கு அப்பிடிக் கதறினா? மிக்கேலம்மா எதுக்கு வாசல்ல குதிச்சா? சுவருக்கு வெளிய கள்ளி ஓரம் கெடக்கே, அதையெல்லாம் எதுக்கு அங்கன போட்டிய? நான் எதுக்கு அந்தப் பேர எடுத்துக் கொடுத்தேன்? சாமி நாற்காலிய இழுத்து என் பக்கத்துல போட்டு உக்காந்தாவ. ஞானஸ்நானம் அவசியந்தாம்மா, ஆனா கடவுளு அதுக்குள்ள கட்டுப்பட்டுக் கெடக்கிறவரு இல்லன்னாவ. அவசியமும் சொல்லுதிய, இல்லாட்டியும் பரவாயில்லன்னும் சொல்லுதிய, ரெண்டுல எது சாமி? ரெண்டுந்தாம்மான்னாவ. படிச்சவங்க சொல்லுதாவ, இருக்கும். ஆனா நிச்சயமா சொல்லுங்க சாமி, எம் பிள்ளை உள்ளயா வெளியவான்னு கேட்டதுக்கு, நம்புவோம்மான்னுதான் சொன்னாவ. வடிவுக்குப் பெரிய சாமியார் நம்புவோம்னு சொல்லல. மோட்சத்துல இருக்குன்னு சொன்னாவ.

நிச்சயம் வேற, நம்பிக்கை வேற இல்லையா?

இந்தா இங்கன, வயித்துல, ஒரு கட்டி. பெரியாஸ்பத்திரியில சொல்லிட்டாவ. மருந்து தாரோம், ஆனா பெருசா எதிர்பாக்காதீங்கன்னு. அன்னைக்கு ராத்திரி பூரா யோசிச்சேன். நான் செத்தா எங்க போவேன்? இப்பிடியே போனா எங்க போவேன்னு யாருக்கும் தெரியாது. தண்ணி ஊத்திக்கிட்டா வடிவு கிட்டப் போவேன். அவ என்னையத் தெரிஞ்சுக்கிடுவா, அவ கண்ணுல பட்ட ஒரே முகம் என் முகந்தான. ஒரு பிள்ளையாவது கெடைக்கும். சாமிகிட்டப் போய்ச் சொன்னேன், எனக்கு ஊத்துங்கன்னு. வேதபாடம் படிச்சுக்கிடணும், நாளாகும்னாவ. பொறவு ஆஸ்பத்திரிச் சீட்டப் பாத்துட்டு, வார ஞாயித்துக்கெழமையே வாங்கம்மான்னுட்டாவ. கெழவிக்கு ஞானஸ்நானமான்னு அண்ணன் மவனுக்கு வாயெல்லாம் சிரிப்பு. புதுச்சேலை எடுத்திருக்கேன், வெள்ளையில நீலக் கரை. பையில இருக்கு.

இப்பம் ஒரு வாரமா அது வரல. நான் சாமிகிட்டப் பேசிட்டு வந்த நாள்ல இருந்து. குளிக்கேன், ஊத்துதேன், பின்னால ஒரு சத்தமும் இல்ல. நிம்மதியா இருக்கணும்ல? முதல் நாள் அப்பிடித்தான் நெனச்சேன். ரெண்டாம் நாள் செம்பக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். மூணாம் நாள் குளிக்காம, ஊத்தி ஊத்திக் கீழ விட்டேன், தொட்டி காலியாகுற வரைக்கும். அண்ணன் பொண்டாட்டி, மைனி, வந்து திட்டினா. அதுக்குத் தெரிஞ்சு போச்சு தாயி. இவ நம்ம கிட்ட வரப்போறது இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு.

உங்கிட்டச் சொல்லிக்கிட்டு வரும்போதுதான் எனக்கே தோணுது பாரு. வடிவுக்கு ஆள் இல்லையா என்ன? மிக்கேலம்மா போயிச் சேந்து எட்டு வருசமாச்சு. என்னதான் வாயா இருந்தாலும் பேத்திய மடியில போட்டுக்கிட்டுதான இருப்பா. ஜெசிந்தாவும் ஒருநா போவா. தொபியாஸ் போவான். ரோஸ்லின் போவா. குடும்பமே போயிச் சேரும். நான் அங்க போயி என்ன செய்ய, அவங்க மத்தியில? பெத்தவ வந்து என் பிள்ளையக் கொடுங்கக்கான்னு கை நீட்டினா நான் கொடுத்துத்தான ஆவணும். என்ன பேரு சொல்லிக் கூப்பிடுவாளோ அவ.

குளத்தங்கரையில கெடக்கே, அதுக்கு யாரு இருக்கா? உள்ளயோ, வெளியவோ. வெளியன்னா அது தனியா நிக்கும். எல்லாரும் அது முன்னாலயே உள்ள போவாவ, அது பாத்துக்கிட்டு நிக்கும்.

புன்னைத்துறை வந்துட்டு. எந்திரி தாயி, எந்திரி, பைய எடு. இந்தா பிள்ளை. மெல்ல வாங்கு, தலைக்குக் கை கொடு. நல்ல பிள்ளை, வழி பூரா அழல. நாளைக்கு ஊத்தும்போது அழுவான், நீ பதறாத. பேரு ஏற்கனவே நெனச்சு வச்சிருக்கியா? எனக்குச் சொல்லாத. யாருக்கும் சொல்லாத, ஊத்துற வரைக்கும் உன் வாயிலயே வச்சுக்கோ.

நான் எறங்கல. சாமிய நாளைக்குப் பாப்பல்லா, சொல்லிரு, பேராச்சி வந்த பஸ்ஸுலதான் வந்தேன், அவ எறங்கலன்னு. கோவமான்னு கேப்பாவ. இல்லன்னு சொல்லு. தண்ணி மேல நம்பிக்கை இல்லாம இல்ல சாமி, நம்பிக்கை இருக்கப் போய்த்தான் பயந்துட்டான்னு சொல்லு. ஊத்திட்டா நான் உள்ள போயிருவேன்ல. பொறவு வெளிய வர முடியுமா?

போ, போ, விசில் அடிக்கான்.

ஏ தம்பி, கண்டக்டர் தம்பி, இந்த டிக்கெட்டு முடிஞ்சு போச்சு. ஆவரங்காட்டுக்கு ஒண்ணு கொடு. குளத்தங்கரை ஸ்டாப்புல நிப்பாட்டுவியளா? அங்கன ஆளு நின்னாத்தான் நிப்பாட்டுவியளா? நிக்கும் தம்பி, நீங்க போங்க, ஆளு நிக்கும்.